மலை ஹோட்டலில் சூரியன் வந்த பக்கம்

எங்கள் ஊரில் கிழக்கு, மேற்கு என்று யாரும் வழி சொல்லமாட்டார்கள். கடல் பக்கம், வட்டைப் பக்கம், அவ்வளவுதான். வட்டை என்றால் வயல்வெளி. தையல்காரர் வீடு எங்கே என்று கேட்டால், பள்ளிவாசலிலிருந்து கடல் பக்கமாக நாலாவது படலை என்பார்கள். தொழுவதற்கும் அதே கணக்குத்தான். கடலுக்கு முதுகைக் கொடுத்து, கொஞ்சம் வலது பக்கம் சரிந்து நின்றால் கிப்லா, அதாவது மக்கா இருக்கும் மேற்குத் திசை, நேர் முன்னால் இருக்கும். உலகம் முழுவதும் இப்படித்தான் என்று எட்டு வயதுச் சிறுமியான நான் நம்பியிருந்தேன். ஐம்பத்திரண்டு வயதில் வாப்பாவும் அப்படித்தான் நம்பியிருந்தார் என்பது மலைநாட்டு ஹோட்டலுக்குப் போனபோதுதான் தெரிந்தது.

அந்தப் பயணம் எங்களுக்காக ஏற்பாடானதே அல்ல. ராத்தா என் அக்கா. அவளுக்குக் கல்யாணம் முடிந்து மூன்று கிழமை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து இருப்பார். புது மச்சான் நில அளவையாளர். வேலை விஷயமாக மலைநாட்டுப் பக்கம் போனபோது, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வெள்ளைக்காரத் துரைமார் கட்டிய நூறு வயதுக் கட்டடம் ஒன்று ஹோட்டலாக இருப்பதைக் கண்டு வைத்திருந்தார். அங்கே இரண்டு இரவுக்கு இரண்டு பேருக்கு ஓர் அறை பதிவு செய்துவிட்டு, முறைப்படி உம்மாவிடம் சொன்னார். உம்மா வாப்பாவிடம் சொன்னார். வாப்பாவுக்கு ஒரே சந்தோஷம்.

“நல்ல விசயம். நாமளும் போவம்,” என்றார்.

“ஓம் மாமா,” என்றார் மச்சான். எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் வாப்பாவோடு பேசியது அநேகமாக இந்த இரண்டு வார்த்தைகள்தான். வாப்பா அவரோடு நேரடியாக ஒன்றும் கதைப்பதில்லை. மச்சான் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே, “மாப்பிள்ளை தேத்தண்ணி குடிச்சிட்டாரா?” என்று உம்மாவிடம் கேட்பார். கௌரவக் குறைச்சல் என்றில்லை, இன்னும் பழகவில்லை. ஆனால் ஊரெல்லாம் மச்சானைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தார். உம்மா வேறொரு இடம் பார்த்து வைத்திருந்தும், வாப்பாதான் ஒற்றைக் காலில் நின்று இவரை எடுத்தவர். பள்ளிவாசல் முன் வரிசையில் ஐந்து நேரமும் நின்றதைப் பார்த்துத்தான் எடுத்தேன் என்பார்.

ஆகவே தேனிலவுக்கு ஐந்து பேர் போனோம். சாரதி தனி.

நாங்கள் போய்ச் சேர்ந்தது அந்தி நேரத்து மஃரிப் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி. மலையெல்லாம் மூடுபனி. ஹோட்டல் வாசலுக்கு முன்னால் பெரிய தண்ணீர். அக்கரை தெரியவில்லை. “வாப்பா, இஞ்சயும் கடல் இரிக்கி!” என்று நான் கத்தினேன். அது வாவி என்று ராத்தா சொன்னது என் காதில் ஏறவில்லை.

உள்ளே எல்லாமே எனக்கு அதிசயம். நடந்தால் முனகும் மரத்தரை, சுவரில் கொம்பு வைத்த மான் தலை, சிங்கத்தின் கால்களில் நிற்கும் குளியல் தொட்டி. சாப்பாட்டு அறைக்குப் போகும் வழியில் போத்தல்கள் அடுக்கிய ஓர் இடம் இருந்தது. அதைத் தாண்டும்போதெல்லாம் உம்மா என் கண்ணைப் பொத்தினார். தானும் கண்ணை மூடிக்கொண்டதால் இருவரும் கதவில் முட்டினோம். சாப்பாட்டு மேசையில் நீண்ட காலோடு இருந்த வைன் கிளாஸ்களைக் கண்டதும், “இது என்னத்துக்குப் பாவிச்சதோ,” என்று அத்தனையையும் கவிழ்த்து வைத்துவிட்டு, கொண்டுவந்த சில்வர் டம்ளர்களைப் பையிலிருந்து எடுத்தார். வெள்ளை உடுப்பில் பித்தளைப் பொத்தான் வைத்த வயதான வெயிட்டர் ஒருவர் அந்த டம்ளர்களில் துரைமாருக்கு ஊற்றுவதுபோலவே குனிந்து தண்ணீர் ஊற்றினார்.

அதற்கு முன்னால் நடந்ததுதான் விஷயம். மஃரிபுக்குப் பாய் விரிக்க வேண்டும். கிப்லா எந்தப் பக்கம் என்று வாப்பா வெயிட்டரிடம் கேட்டார்.

“எல்லாம் மேடு பள்ளமா கெடக்குங்க சார். இங்க திசையெல்லாம் யாரு பார்த்தா?” என்றார் அவர்.

வாப்பா சிரித்தார். “நான் சொல்றன். விடியத்தொட்டு கடல முதுகில வச்சிக்கிட்டுத்தானே வந்த நாம? அப்ப நாம வந்த வாசல் கடல் பக்கம். தண்ணியும் அங்கதான் கிடக்கு. ஹோட்டல்ட பின் பக்கம்தான் கிப்லா.”

மலைப்பாதை எத்தனை வளைவு வளைந்து, எத்தனை முறை திரும்பி அந்த வாசலுக்கு வந்தது என்பதை வாப்பா கணக்கில் எடுக்கவில்லை. பாதி வழியில் வாந்தி எடுத்த எனக்குத்தான் அந்த வளைவுகள் நன்றாகத் தெரியும். மச்சான் வாயைத் திறந்து, “மாமா, இது கொஞ்சம்…” என்று தொடங்கினார். ஹோட்டல் முகாமையாளரும் வெயிட்டரும் வாப்பாவின் கெட்டித்தனத்தைக் கேட்டு மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டு நின்றார்கள். மச்சான் அவர்களைப் பார்த்தார், வாப்பாவைப் பார்த்தார். பிறகு, “ஓம் மாமா,” என்றார்.

வாப்பாவின் அறை ஹோட்டலின் பின் பக்கம். குளிருக்குத் திரை இழுத்து மூடியிருந்த பெரிய ஜன்னலைப் பார்த்துப் பாய் விரித்தோம். வாப்பா முன்னால் நின்று தொழுவித்தார். மச்சானைக் காணவில்லை. பைகளை அறைக்கு எடுப்பிக்கிறாராம். இரவு இஷாவுக்கும் வரவில்லை. மறுநாள் விடியற்காலைச் சுபஹுக்குக் கண் அயர்ந்துவிட்டாராம். மதியம் லுஹருக்கு, வாப்பாவின் முழங்காலுக்குத் தைலம் வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்விட்டார். வெளியே பகல் முழுவதும் மழையும் பனியும். வாப்பா அந்தத் தைலத்தைத் தொடாமல் மேசையில் வைத்திருந்தார்.

இனி நான் செய்த வேலை. பின்னேரம் அஸருக்குப் பிறகு மாடி நடையில் ஒளித்து விளையாடிக்கொண்டிருந்தேன். நடையின் கடைசியில் மச்சான் தொழுதுகொண்டிருந்தார், அதுவும் வாவியைப் பார்த்து! ஓடிப்போய் வாப்பாவிடம் ஒரே மூச்சில் சொன்னேன்.

“வாப்பா, மச்சான் கடலப் பாத்துத் தொழுறார்!”

ராத்தாவும் அங்கேதான் இருந்தாள். வாப்பா உம்மாவிடம் சொன்னார்.

“ஊர்ட காணியெல்லாம் அளக்கிற மனிசனுக்குக் கிப்லா தெரியாதா? இல்லாட்டி நமக்குப் பின்னால நிக்க மனமில்லையா? முன் வரிசையில நிண்டதெல்லாம் பொண் எடுக்கிறவரைக்கும்தானா?”

ராத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். “நாளைக்குச் சுபஹுக்கு மாப்பிள்ளைய இஞ்ச வரச் சொல்லு. வரல்லெண்டா நான் கேக்கவேண்டியதக் கேப்பன்,” என்றார் வாப்பா. அன்று சாப்பாட்டு மேசையில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நான் மட்டும் பெரிய துப்பறிவாளர் தோரணையில் இரண்டு கிண்ணம் புடிங் சாப்பிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் சுபஹுக்கு மச்சான் வந்தார். வாப்பாவுக்குப் பின்னால் வரிசையில் நின்று தொழுதார். தன் அறையில் சரியான பக்கம் பார்த்துத் தன் தொழுகையை முடித்துவிட்டுத்தான் மாமாவின் மனசுக்காக வந்து நின்றார் என்று ராத்தா எனக்குச் சொன்னது பல வருஷம் கழித்து.

சுபஹு முடிந்தால் சூரியன் ஏறும்வரை பாயில் இருந்து ஓதுவது வாப்பாவின் வழக்கம். எல்லோரும் இருந்தோம். அன்று மழை இல்லை. கொஞ்ச நேரத்தில் எங்களுக்கு முன்னால் இருந்த திரை மஞ்சளாகத் தொடங்கியது. நான் எழுந்து போய்த் திரையை இழுத்தேன்.

தேயிலை மலைக்கு மேலே, எங்கள் ஐந்து பேரின் முகத்துக்கும் நேரே, சூரியன் ஏறிக்கொண்டிருந்தது.

உம்மா, “யா அல்லாஹ்,” என்றார். வாப்பா கையில் தஸ்பீஹ் மணி அப்படியே நின்றது. வெளிச்சம் முழுவதும் அவர் முகத்தில் விழுந்தது. இரண்டு நாளாக அவர் எங்களையெல்லாம் எந்தப் பக்கம் நிறுத்தி வைத்திருந்தார் என்பது அந்த அறையில் என்னைத் தவிர எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

“வாப்பா, சூரியன் என்ன கிப்லாப் பக்கத்தால வருது?” என்று நான் கேட்டேன்.

மச்சான் தொண்டையைச் செருமினார்.

“மலைநாட்டில அப்பிடித்தான் புள்ள. மல மறிக்கிறதால சில நாளைக்குச் சூரியன் சுத்திக்கிட்டு மத்தப் பக்கத்தால வரும். நாங்க அளக்க வந்த நேரமும் இதால பெரிய கரைச்சல்தான்.”

வாப்பா திரும்பி அவரைப் பார்த்தார். கல்யாணம் பேசிய நாளிலிருந்து அப்படி நேராக அவர் பார்த்ததில்லை.

“அப்பிடியா மகன்?” என்றார்.

“ஓம் மாமா.”

வாப்பா எழுந்தார். தன் பாயைத் தானே எடுத்து, வாசல் பக்கமாக மாற்றி விரித்தார். “எட்டு நேரத்துத் தொழுக களாவாக் கிடக்கு. நீங்க முன்னுக்கு நில்லுங்க மகன். மலைநாட்டுச் சூரியன்ட போக்கு உங்களுக்குத்தான் தெரியும்.”

மச்சான் முன்னால் நின்றார். வாப்பா அவருக்குப் பின்னால் நின்றார். தவறிப்போன எட்டுத் தொழுகைகளையும் ஒவ்வொன்றாகத் திரும்பத் தொழுதோம். நடுவில் வெயிட்டர் கதவைத் தட்டி, முட்டை ஆறிப்போகிறது என்றார். “இன்னும் மூணு நேரம் இரிக்கி!” என்று உம்மா உள்ளேயிருந்து பதில் சொன்னார். காலைச் சாப்பாட்டுக்கு இப்படி ஒரு பதிலை அந்த நூறு வருஷக் கட்டடம் கேட்டிருக்காது. சாப்பிடப் போகும்போது வாப்பாவின் முழங்காலில் தைலம் மணத்தது. ராத்தா படிக்கட்டில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு இறங்கினாள்.

மச்சான் சொன்னதை நான் அப்படியே மனதில் வைத்திருந்தேன். ஐந்தாம் வகுப்பில், சூரியன் எத்திசையில் உதிக்கும் என்று பரீட்சையில் கேட்டார்கள். “கிழக்கு. மலைநாட்டில் சில நாட்களில் மேற்கு,” என்று எழுதினேன். டீச்சர் பிழை என்று சிவப்பு மையால் பெரிய புள்ளடி போட்டுவிட்டார். அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வாப்பா பொய்யைப் பொறுக்காத மனிதர். கோப்பையை உடைத்த பழியைப் பூனையின் தலையில் போட்டதற்காக எனக்கு ஈர்க்கு அடி தந்தவர். அவர் தாளை வாங்கி, அந்த விடையை இரண்டு தரம் வாசித்தார்.

“டீச்சர் மலைநாட்டுப் பக்கம் போகல்லபோல,” என்றார், உள் அறைக்குக் கேட்கிற மாதிரி. “நீ எழுதின சரிதான் மகள். உன்ட மச்சானிட்டக் குடு, அவர் ஒப்பம் வைக்கட்டும்.”

உள்ளே மச்சானுக்குப் புரைக்கேறியது. இருமி முடித்துவிட்டு, பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் ஒப்பம் வைத்தார். அன்று பகல் வாப்பாவும் அவரும் ஒரே சஹன் தட்டுக்கு இரு பக்கமும் உட்கார்ந்து சோறு தின்றார்கள். வாப்பா நல்ல மீன் துண்டுகளையெல்லாம் பிரித்துப் பிரித்து அவர் பக்கம் தள்ளினார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமலே சிரித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் இரண்டு பெரியவர்களும் சரி என்று ஒத்துக்கொண்ட விடைக்குப் பள்ளிக்கூடத்தில் ஏன் புள்ளடி விழுந்தது என்பது எனக்கு வெகுகாலம் விளங்கவில்லை.