சித்லாலி இல்லாத பத்தொன்பது வகுப்புகள்

நவம்பர் மாதத்து இரண்டாவது வியாழக்கிழமை காலையில் சித்லாலி பர்ராகானின் குடும்பம் அரிசோனாவில் இருக்கிற யூமாவுக்குக் கிளம்பிப் போனது. எங்கள் சலினாஸ் பள்ளத்தாக்கில் குளிர் இறங்கியதும் லெட்டூஸ் கீரை அறுவடை நின்றுவிடும். பறிக்கிறவர்கள் வயலைத் தொடர்ந்து அரிசோனாவுக்குப் போவார்கள். அதில் புதிதாக ஒன்றுமில்லை. ஆனால் அன்று மூன்றாவது பீரியடில், எங்கள் ஸ்பானிய இலக்கிய வகுப்பின் ஒலிபெருக்கி அவள் பெயரை மூன்று தடவை கூப்பிட்டது. "சித்லாலி பர்ராகான், ஆபீசுக்கு வரவும்." அவள் போய்விட்டாள் என்று ஆபீசில் யாருக்கும் தெரியவில்லை. பாடம் எடுத்த உர்கிதி சார் படிப்பதை நிறுத்திவிட்டு, மூன்றாவது அழைப்பு ஓயும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அது கல்லூரி மட்டத்துப் பாடம். மே மாதப் பரீட்சையில் தேறினால் பல்கலைக்கழகத்தில் அந்த ஒரு பாடத்தைத் திரும்பப் படிக்க வேண்டாம். வீட்டில் பேசுகிற மொழிதானே என்ற தைரியத்தில் நாங்கள் பதினொரு பேர் சேர்ந்தோம். நானூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு நாடகத்தை சார் முதல் வாரமே கையில் கொடுத்தார். இரண்டு பக்கத்தில் எங்களுக்கு மூச்சு வாங்கியது. சித்லாலி மட்டும் சாதாரணமாகப் படித்துக்கொண்டே போனாள். அவர்கள் பூர்வீகமான மிச்சோவாகான் மலையூரில் அவள் அம்மா பேசிய சொற்கள், முன்பு நாங்கள் பட்டிக்காட்டுப் பேச்சு என்று சிரித்த அதே சொற்கள், அந்த நாடகத்தில் அச்சாகியிருந்தன.

"இதெல்லாம் எங்கம்மா தக்காளி வாங்கும்போது பேசறதுடீ," என்றாள் என்னிடம். அதற்குப்பிறகு அந்த வகுப்பை விட்டால் அவளுக்கு வேறு பேச்சில்லை.

அவள் எதையுமே ஆகஸ்டில் தொடங்கி ஜூனில் முடித்ததில்லை. ஒவ்வொரு நவம்பரிலும் யூமாவுக்குப் போய், வசந்தத்தில் திரும்பி, விட்ட இடம் தெரியாமல் உட்காருவாள். அந்த வருஷம் இங்கேயே இருக்க விடச் சொல்லி அம்மா அம்பாரோவிடம் ஒரு மாதம் மன்றாடினாள். கடைசியில் அம்மா இறங்கி வந்தார். அந்த வகுப்பு இருக்கிறவரைக்கும் சித்தி வீட்டில் தங்கிக்கொள்ளலாம். அது இல்லையென்றால் எல்லோரோடும் கிளம்ப வேண்டும்.

சிக்கல் ஒலிபெருக்கியில் இருந்தது. ஆங்கிலம் தெரியாத பெற்றோர் ஆபீசுக்கு வந்தால், மொழிபெயர்க்க நல்ல ஸ்பானியம் பேசுகிற மாணவியைக் கூப்பிடுவார்கள். எங்கள் பள்ளியில் நல்ல ஸ்பானியம் என்றால் சித்லாலி. யாருக்காவது காய்ச்சல், யாராவது அடித்துக்கொண்டார்கள், யாருக்கோ மதிய உணவுப் படிவம். எல்லாம் மூன்றாவது பீரியடில்தான் வந்து சேரும்.

"வக்கீலம்மா, உங்க கட்சிக்காரங்க காத்திருக்காங்க," என்று பின்பெஞ்சில் ஒருவன் ஒவ்வொரு தடவையும் சொல்வான்.

"பீஸ் கட்டாத கட்சிக்காரங்கடா. உன் அப்பா வந்தா மட்டும் வாங்கறேன்," என்று சொல்லிவிட்டுப் போவாள். மணி அடிக்கிற நேரத்தில் திரும்பி வந்து, "ஒல்லி, கடைசியில என்ன சொன்னாரு?" என்று என் நோட்டை இழுத்துக்கொள்வாள். காலை மூன்றரைக்கே அம்மாவுக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டு வருகிறவள். பாதி பக்கம் எழுதுவதற்குள் கண் சொருகிவிடும்.

வகுப்பின் வருகைத்தாளைக் குறித்தது நான். ஆபீஸ் சீட்டு இல்லாமல் பாதி வகுப்புக்குமேல் இல்லாதவருக்கு 'இல்லை' என்று போட வேண்டும். அவளுக்கு யாரும் சீட்டு தரவில்லை, அவளும் கேட்கவில்லை. நான் விதிப்படி குறித்துக்கொண்டே போனேன். அது எங்கே போய்ச் சேர்கிறது என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

நவம்பர் முதல் வாரம், தாள்களை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். ஆலோசகர் மிசஸ் ஹால்வர்சன் மேசைக்குப் பின்னால் இருந்தார். எதிரே அம்பாரோ, வயல் பூட்சோடு. நடுவில், வழக்கமாக நிற்கிற இடத்தில், சித்லாலி. சொந்தமாக ஒரு சொல்லும் சேர்க்கக்கூடாது என்று மொழிபெயர்க்கத் தொடங்கிய முதல் நாளே அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"உங்க மகள் பத்தொன்பது வகுப்புக்கு வரலை. பதினஞ்சுதான் அனுமதி," என்றார் ஹால்வர்சன் ஆங்கிலத்தில்.

"உங்க மகள் பத்தொன்பது வகுப்புக்கு வரலை. பதினஞ்சுதான் அனுமதி," என்றாள் சித்லாலி, மற்ற அம்மாக்களிடம் பேசும் அதே குரலில்.

"யாரு மக?" என்றார் அம்பாரோ.

"நான்தாம்மா."

"பாடத்துல அவளுக்கு அக்கறை இல்லைன்னு தோணுது. வகுப்புலேருந்து பேரை எடுக்கறோம்," என்றார் ஹால்வர்சன்.

சித்லாலி அதையும் சொன்னாள். ஒரு சொல் குறையவில்லை.

அம்பாரோ மகள் பக்கம் திரும்பினார். "உன்னை வகுப்புலேருந்து கூப்பிட்டனுப்பறது இந்தம்மாதானே? கேளு."

அவள் கேட்டாள். ஹால்வர்சன் முகம் சற்றுச் சிவந்தது. "அந்த உதவிக்கு நாங்க நன்றியோட இருக்கோம். ஆனா சீட்டு இல்லையே."

நான் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சீட்டு எழுத வேண்டியது அவர்கள் என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். நான் சொல்லவில்லை.

"அப்ப சாமானை எடுத்து வை," என்றார் அம்பாரோ. எழுந்தார்.

"சித்லாலி, வெளியில இன்னொரு அப்பா காத்திருக்காரு. கொஞ்சம் இருக்க முடியுமா?" என்றார் ஹால்வர்சன்.

அவள் இருந்தாள். அதே இடத்தில், அதே குரலில்.

அவளைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி உர்கிதி சார் ஆபீசுக்கு ஒரு கடிதம் எழுதினார். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தபோது சித்லாலி குடும்பம் போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது.

யூமா பள்ளியில் அந்த வகுப்பு இல்லை. அந்த வசந்தத்தில் அவர்கள் திரும்பவில்லை. இரண்டு குளிர்காலம் அவள் அம்மாவோடு லெட்டூஸ் வெட்டினாள். பிறகு ஒரு கிளினிக்கில் முன்மேசை வேலை, அங்கேயும் பாதி நேரம் மொழிபெயர்ப்புதான். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. நான் பரீட்சையில் தேறி, எங்கெங்கோ எட்டு வருஷம் சுற்றிவிட்டு, போன செப்டம்பரில் ஊர் திரும்பினேன். அவள் சித்தியைச் சந்தையில் பார்த்து என் எண்ணைக் கொடுத்தேன். அந்த வகுப்பு நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது என்று அவளிடம் சொல்லச் சொன்னேன்.

பிப்ரவரியில் ஒரு குரல்செய்தி வந்தது. கிளினிக்கில் பெயர் கூப்பிடும் சத்தம் பின்னால் கேட்டது. அவள் குரலில் தூக்கம் இருந்தது.

"ஒல்லி, நோட்டு வேணாம், நீயே வச்சுக்கோ. இங்க கல்லூரியில அந்த வகுப்புல சேர்ந்திருக்கேன். அதே நாடகம். செவ்வாய், வியாழன் சாயங்காலம் ஆறுலேருந்து ஏழரை வரைக்கும் கூப்பிடாதே. கிளினிக்லயும் சொல்லிட்டேன், போனை அணைச்சு வச்சிருப்பேன்."