பெயர் ஒட்டிய மூன்று கதிரைகள்

சாந்தி மிஸ் போய்விட்டார். இன்று விடியற்காலை, தெல்தோட்டையில், தன் வீட்டில். மாரடைப்பு.

நேற்றுப் பின்னேரம்தான் கந்தோர் ஜன்னலில் தலையை நீட்டிச் சிரித்துவிட்டுப் போனார்...

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. கண்டிக்குப் பக்கத்தில் நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில், பெண்கள் வார்டில் தாதி. நான் கந்தோரில் கிளார்க். யாருக்கு எப்போது டியூட்டி என்று காட்டும் தாதிகளின் ரோஸ்டரை மாதாமாதம் டைப் பண்ணுவது என் வேலை.

டைப் பண்ணுவது என்றால்... போன மாதத்து ஃபைலைத் திறப்பேன். மாதத்தின் பெயரை மாற்றுவேன். பிரிண்ட்.

ஒரு பெயரை வெட்ட மேலிருந்து கடிதம் வரவேண்டும் என்று சொல்லித் தந்திருந்தார்கள். கடிதம் வரவில்லை. ஆட்கள் போனார்கள், பெயர்கள் இருந்தன.

ஒருநாள் சாந்தி மிஸ் ரோஸ்டரோடு வந்து நின்றார்.

"தம்பி, நிமாலி மிஸ்ஸுக்கு திங்கக்கெழம காலைல டியூட்டி போட்டிருக்கீங்களே."

"ஓ மிஸ்."

"அவங்க லண்டன் போயி எட்டு மாசமாச்சு. எதுல வருவாங்க? ஒங்க ஊரு மடவளை பஸ்லயா?"

கந்தோரே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"காலை டியூட்டிக்கு பேப்பர்ல அஞ்சு பேரு. வார்ட்ல ரெண்டே பேரு. ஆள் கேட்டு எழுதுனா, அதான் அஞ்சு பேரு இருக்காங்களேன்னு பதில் வருது. அந்த அஞ்சு நீங்க அடிச்ச அஞ்சு, தம்பி."

அன்றுதான் வார்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு மணிக்கு முடியவேண்டிய டியூட்டி. மணி நாலரை. சாந்தி மிஸ்ஸின் ஒரு கையில் சேலைன் போத்தல், மறு கையில் யாரோ ஒரு நோயாளியின் தோள். மிஸ்ஸின் சோற்றுப் பார்சல் பிரிக்காமல் கிடந்தது.

நான் எதுவும் செய்யவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும். அடுத்த மாதமும் அதே ஃபைல்.

பிறகு மேலதிகாரிகள் பார்வையிட வந்த நாள். நானும் ஃபைலோடு பின்னால் போனேன். வார்டு வாசலில் சாந்தி மிஸ் போட்டுவைத்த மூன்று கதிரைகள். ஒவ்வொன்றிலும் பிளாஸ்டரில் ஒரு பெயர். ரோஸ்டரில் மட்டும் இருந்த மூன்று பேர்.

வந்தவர்களில் பெரியவர் படியேறிக் களைத்து வந்தார். உட்காரப் போனார்.

"சேர், அதுல உக்காராதீங்க." சாந்தி மிஸ் சிங்களத்தில்தான் சொன்னார், அவ்வளவு மரியாதையாக. "அது நிமாலி மிஸ் கதிரை. டியூட்டில இருக்காங்க."

"எங்க அவங்க?"

"லண்டன்ல, சேர்."

கடைசிக் கட்டிலில் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். பிறகு வார்டு முழுக்க.

பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. "இந்த ரோஸ்டர அடிச்சது யாரு?"

நான் முன்னே வந்தேன். "நான்தான் சேர். பிழை என்ட. ரெண்டு பேர்தான் இருக்காங்க."

சாந்தி மிஸ் என் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னார்: "இப்பத்தான் தம்பி ஒழுங்கா டைப் பண்ணுனீங்க."

அன்றே புதிய ரோஸ்டர். காலை டியூட்டிக்கு இரண்டு பெயர். மிச்சமெல்லாம் வெள்ளை. அந்த வெள்ளையில் 'ஆள் தேவை' என்று எழுதிப் பெரியவர் கையெழுத்துப் போட்டார்.

மூன்று மாதத்தில் மூன்று புதிய மிஸ்மார் வந்தார்கள். சாந்தி மிஸ் அவர்களைக் கந்தோருக்கே ஊர்வலமாகக் கூட்டிவந்தார்.

"தம்பி, நல்லா பாத்துக்கங்க. மூணும் உசுரோட இருக்குற ஆளு. இப்ப அடிங்க!"

கைதட்டினோம். டைப் பண்ணுவதற்கு யாரும் கைதட்டி அதுவரை நான் கேட்டதில்லை.

நாளை பின்னேரம் மூன்று மணிக்கு அடக்கம். வேன் ஒன்று பிடித்துவிட்டு, யார் யார் வரமுடியும் என்று கேட்க வார்டுக்குப் போன் எடுத்தேன். புதியவர்களில் யாழ்ப்பாணத்துக்காரர் எடுத்தார். அழுதிருந்தார்.

"காலமை டியூட்டியில மிச்ச நாலு பேரும் வாறம் தம்பி. வானை கேற்றடியில நிப்பாட்டுங்கோ."

"வார்ட்ல ஆள்?"

"பின்னேர ஆக்கள் வந்திடுவினம். ஒரு மணிக்கு எங்களுக்கு முடிஞ்சிடும்."

போயிட்டு வாங்க, சாந்தி மிஸ்.

வேன் சரியாக ஒரு மணிக்கு.