ஆற்றுக்கு இந்தப் பக்கம்

ஃபிதான் அக்கா சைக்கிளைத் தொட்டுப் பத்து வருடம் ஆகிறது. ஓட்டத் தெரியாமல் இல்லை. டோக்கியோவுக்கு வடக்கே இருக்கும் எங்கள் சைத்தாமா மாகாணத்தில் போலீஸ்காரர்கள் சைக்கிளை நிறுத்திப் பதிவு எண்ணைப் பார்ப்பார்கள். எண் சரியாக இருந்தாலும் அடுத்து அடையாள அட்டையைக் கேட்பார்கள். அக்காவிடம் அட்டை கிடையாது.

துருக்கியிலிருந்து தப்பி வந்த குர்து இனத்தவர்கள் அவளும் ஹிதிர் அத்தானும். அகதி மனு இரண்டு முறை தள்ளுபடியானபின் ஆளுக்கொரு தாள் கொடுத்திருந்தார்கள். தற்காலிகமாக வெளியே விட்டிருக்கிறோம் என்று சொல்லும் தாள். அதை வைத்திருப்பவர் வேலை பார்க்கக் கூடாது. அனுமதி வாங்காமல் மாகாண எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டியது தெரிந்தால் மறுபடி தடுப்புக்காவலுக்கு உள்ளே போக நேரலாம். அத்தான் ஒருமுறை உள்ளே இருந்தவர். பதினான்கு மாதம் கழித்து அவர் வீட்டுக்கு வந்தபோது, மகள் ரோஜ்தா "யாரோ வந்திருக்காங்க" என்று கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

அதன்பிறகு அக்கா ஒரு தப்பும் செய்யவில்லை. வண்டியே வராத தெருவிலும் பச்சை விளக்குக்காக நிற்பாள். குப்பை போடும் கிழமையை மூன்று முறை சரிபார்ப்பாள். கீழ்வீட்டுக்காரர் புகார் சொல்லிவிடக் கூடாதென்று தரையில் மூன்று கம்பளம் விரித்திருந்தாள். இரண்டு தாள்களையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைப்பையிலேயே வைத்திருப்பாள். கழிப்பறைக்குப் போனாலும் பை கூடவே போகும்.

நான் அவளுடைய சித்தப்பா மகள். என் அம்மா ஜப்பான்காரி என்பதால் எனக்குப் பாஸ்போர்ட் உண்டு. மூன்று வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு அந்த ஜூலையில்தான் திரும்பியிருந்தேன். எத்தனையோ எல்லைகளை ஜன்னலோரம் தூங்கிக்கொண்டே கடந்தவள். ஆகஸ்ட் வாணவேடிக்கைக்குப் போகலாம் என்று கிளப்பிவிட்டது நான்தான்.

"அரகாவா ஆத்தங்கரைக்கா?" என்றாள் அக்கா. "அந்தக் கரை டோக்கியோடி, மினா."

"நாம இந்தக் கரையிலதானே உக்காரப் போறோம்? ஆறு என்ன பொங்கி வந்து உங்களைத் தூக்கி அந்தப் பக்கம் போடப் போகுதா?"

"எங்க க்ளாஸ்ல எல்லாரும் பாத்திருக்காங்கம்மா. நான் மட்டும்தான் பாத்ததில்ல" என்றாள் ரோஜ்தா. அவளுக்குப் பத்து வயது.

அத்தான் சிரித்தார். "விடு ஃபிதான். வானத்துக்கு அனுமதிச் சீட்டு கேக்க மாட்டாங்க."

போனோம். நீலப் பாயை விரித்து, திராட்சை இலைச் சுருளும் ரொட்டியும் எடுத்து வைத்தோம். அக்கா சாப்பிடவில்லை. கூட்டத்தில் எங்கெங்கே போலீஸ் நிற்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தாள். முதல் வாணம் வெடித்தபோது எல்லோரும் மேலே பார்த்தார்கள், அவள் மட்டும் பாலத்தைப் பார்த்தாள்.

"ஒன்னே ஒன்னு பாருக்கா. தங்க மழை மாதிரி கொட்டுது."

"நீ பாத்துச் சொல்லு, போதும்."

வேடிக்கை முடியும் நேரத்தில் ரோஜ்தா கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றாள். பாலத்தடியில் தற்காலிகக் கழிப்பறைகள் இருந்தன. அத்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனார். பத்து நிமிடத்தில் கடைசி வாணம் வெடித்து, கரை மொத்தமும் ஒரே சமயத்தில் எழுந்தது. பாலத்தை டோக்கியோ பக்கம் ஒருவழியாக்கிவிட்டதாக ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நிற்காதீர்கள், திரும்பாதீர்கள், முன்னால் நகருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

அக்காவின் போன் அடித்தது. பக்கத்தில் நின்ற எனக்கே அத்தான் குரல் கேட்டது.

"தள்ளிகிட்டே பாலத்துல ஏத்திட்டாங்க ஃபிதான். எல்லைப் பலகையத் தாண்டிட்டோம்."

"திரும்பு! திரும்பி வா!"

"எப்படித் திரும்ப? திரும்பினா போலீஸ் பாக்கும்..."

இணைப்பு அறுந்தது. அத்தனை பேர் ஒரே நேரத்தில் பேசினால் அப்படித்தான். எத்தனை முறை அடித்தும் கிடைக்கவில்லை.

"நான் போய்க் கூட்டிட்டு வரேன்க்கா."

"நகராத. உன்னையும் தொலைச்சுட்டு நான் எங்க தேடுவேன்?" என் மணிக்கட்டை அவள் பிடித்த பிடி இரண்டு நாள் வலித்தது. "தாள் ரெண்டும் என் பைல இருக்கு. அவரு கைல ஒன்னுமே இல்ல. கேட்டா என்னத்தக் காட்டுவாரு?"

நாற்பது நிமிடம் ஆனது. கரை காலியானது. எங்களைச் சுற்றிப் பாய்களை மடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா உதடு மட்டும் அசைய மாதங்களை எண்ணினாள். பதினான்கு வரை எண்ணி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

பிறகு கைகாட்டினாள். பாலத்தின் படியில் அத்தான் இறங்கி வந்தார். ஒரு பக்கம் ரோஜ்தா. மறுபக்கம், வெள்ளைக் கையுறை போட்ட இளம் போலீஸ்காரர் ஒருவர். அவர் கை அத்தானின் முதுகில் இருந்தது.

அக்கா என் கையை உதறிவிட்டு ஓடினாள். போலீஸ்காரர் முன்னால் இடுப்பு ஒடியக் குனிந்தாள். தெரிந்த நாலைந்து ஜப்பானியச் சொற்களைக் கொட்டினாள். "மன்னிச்சிடுங்க, மன்னிச்சிடுங்க. புருஷன். பாலம். வேணும்னு இல்ல. டோக்கியோ, வேணும்னு இல்ல." பையைத் திறந்து இரண்டு தாள்களையும் உறையோடு நீட்டினாள்.

"அம்மா!" ரோஜ்தா வீறிட்டாள். "ஏம்மா காட்டுன? அவரு ஒன்னுமே கேக்கலம்மா! நாங்க வழி தெரியாம நின்னோம், நான்தான் போய் அவர்கிட்ட உதவி கேட்டேன். எங்கள எதிர்வழியில கூட்டிட்டு வந்தாரு, அவ்வளவுதான்!"

அக்காவின் கை நீட்டியபடியே நின்றது. அதற்குள் போலீஸ்காரர் உறையை வாங்கிவிட்டார். டார்ச் அடித்து முதல் வரியிலிருந்து படித்தார். படிக்கப் படிக்க அவர் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல அடங்கியது. அத்தானைப் பார்த்தார், பாலத்தைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து ஏதோ எழுதினார். எண்ணா, பெயரா, தெரியவில்லை. உறையை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்து, "இருட்டா இருக்கு, படி பாத்து இறங்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டு வாசலில் அத்தான், "நானா இருந்தாலும் காட்டியிருப்பேன்" என்றார். அது பொய் என்று அக்காவுக்குத் தெரியும்.

குடிவரவு அலுவலகத்தில் அத்தானின் தாளைப் புதுப்பிக்கும் நாள் பதினோரு நாள் கழித்து வந்தது. அந்தப் பதினோரு நாளும் அக்கா படியில் கேட்ட ஒவ்வொரு காலடிக்கும் எழுந்து நின்றாள். அத்தானுக்கு இரண்டு செட் உள்ளாடை, பல்துலக்கி, நாடா இல்லாத காலணி எல்லாம் ஒரு பையில் கட்டிவைத்தாள். உள்ளே நாடா அனுமதியில்லை என்பது போன முறை கற்றது. அலுவலகம் இருப்பதோ டோக்கியோவில். அன்று மட்டும் அனுமதியோடு ரயிலில் அதே ஆற்றைக் கடந்தோம்.

அத்தான் உள்ளே போனார். நாங்கள் வெளியே வேலி ஓரம் நின்றோம். மூன்று மணி நேரம் கழித்துத் தனியாக வெளியே வந்தார்.

"முத்திரை குத்திட்டாங்க. இன்னும் ஒரு மாசம்."

"பாலத்தப் பத்தி?"

"ஒன்னும் கேக்கல."

"ஒரு வார்த்த கூடவா?"

"ஒரு வார்த்த கூட இல்ல ஃபிதான். அந்தப் பையன் எழுதினதக் கிழிச்சுப் போட்டிருப்பான்."

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. தான் கட்டிவைத்த பையை அவர் தோளிலிருந்து வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"தெரிஞ்சு வச்சிருக்காங்க," என்றாள் மெதுவாக. "அதான் கேக்கல. அடுத்த மாசம் கேப்பாங்க."

வீட்டுக்கு வந்தும் அந்தப் பையை அவள் பிரிக்கவில்லை.