தன்காவைத் தமிழாக்கிய குற்றம்

போன வாரம் செவ்வாய்க்கிழமை, காலை பத்து ஐந்துக்கு, போர்ட் பிளேரிலிருந்து எங்கள் கிளப் ஆடிட்டர் போன் செய்தார்.

“சார், உங்க கிளப் செக்ரெட்டரிக்கு மாசச் சம்பளம் ஐந்நூறுன்னு மினிட் புக்ல இருக்கே... சம்பளம்னா இன்கம். டாக்ஸ் கணக்குல வரும். போதாக்குறைக்கு அந்தம்மா கவர்மெண்ட் ஸ்டாஃப். பர்மிஷன் இல்லாம ரெண்டாவது வேலை பார்க்கறாங்கன்னு யாராவது எழுதிப் போட்டா?”

அந்த வரியை எழுதியது யார்? நான்தான்.

லிட்டில் அந்தமான் தீவின் ஹட் பேயில் நாங்கள் நடத்தும் வாலிபால் கிளப்புக்கு ஸ்டெல்லா செயலாளர். அரசுப் பள்ளி அலுவலகத்தில் கிளார்க். டீமைக் கப்பலில் போர்ட் பிளேருக்கு அழைத்துப் போவது, டிக்கெட்டுக்கு க்யூவில் நிற்பது, கப்பல் ரத்தானால் எல்லா வீட்டுக்கும் போன் போடுவது... எல்லாம் அவர்தான். பில் கொடுத்தால் மாதம் ஐந்நூறு வரை அவர் கைக்காசில் செய்யும் செலவைத் திருப்பித் தரலாம் என்று ஜனவரிக் கூட்டத்தில் முடிவானது. உடனே பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “அரே வா! மேடத்துக்கு இனிமே தன்கா!”

தன்கா என்றால் எங்கள் தீவு ஹிந்தியில் சம்பளம். எல்லோரும் சிரித்தார்கள். கூட்டக் குறிப்புகளை நான்தான் எழுதிக்கொண்டிருந்தேன். மினிட் புக்கில் ஹிந்தி எதற்கு என்று, நல்ல தமிழில் ‘மாதச் சம்பளம்’ என்று போட்டுவிட்டேன். தேவையா எனக்கு?

ஆடிட்டர் வழியும் சொன்னார். “அந்தப் பக்கத்தைக் கிழிச்சுட்டு வேற எழுதிடுங்க. இல்லேன்னா அந்தம்மாவை ரிசைன் பண்ணச் சொல்லுங்க. சேஃப்.”

மாலையில் ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவர் குடும்பம் தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வந்தது. கோபம் வந்தால் அந்தத் தமிழ்தான்.

“கிழிச்சா களவாண்ட மாதிரில்லா ஆயிரும்! பில்லு அம்புட்டும் வச்சிருக்கேன். கைக்காசைப் போட்டுத் திரும்ப வாங்குனது எப்படிண்ணே வருமானமாவும்? நான் எதுக்கு ரிசைன் பண்ணணும்? எழுதுனது நீங்க. நீங்க போங்க!”

அவர் சொன்னதுதான் சரி. பில் இல்லாமல் மாதாமாதம் ஒரே தொகை கொடுத்தால், மதிப்பூதியம் என்று பெயர் வைத்தாலும் அது வருமானம். செலவானதை மட்டும் பில் பார்த்துத் திருப்பிக் கொடுத்தால் வருமானமில்லை. மதிப்பூதியம் — என்ன கம்பீரமான சொல்! ஊருக்கு உழைக்கிறவருக்கு நாம் மதிப்பையும் கொடுப்பதில்லை, ஊதியத்தையும் கொடுப்பதில்லை. விசாரணைக்கு மட்டும் கூப்பிடுகிறோம்.

கிழிக்க மாட்டேன் என்று ஆடிட்டரிடம் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டோம். பழைய வரி இருந்த இடத்திலேயே இருக்க, கீழே தேதி போட்டு எழுதினேன்: ‘சம்பளம் என்பது எழுதியவரின் பிழை. செயலாளர் சம்பளம் வாங்கவில்லை. செய்த செலவைத்தான் வாங்கினார். பில்கள் இணைப்பில்.’ பதினேழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். தன்கா என்று கத்தியவரைத்தான் முதலில் போட வைத்தேன்.

திங்கட்கிழமை ஸ்டெல்லா அதன் நகலைத் தானே கொண்டுபோய் ஹெட்மாஸ்டர் மேஜையில் வைத்தார்.

“இதை ஏம்மா எங்கிட்டக் கொடுக்கறீங்க?”

“வேற யாரும் கொண்டாந்து தர்றதுக்கு முன்னால நானே தாரேன் சார்.”

ஹெட்மாஸ்டர் படித்துவிட்டு, பெற்றுக்கொண்டதாக சீல் வைத்துக் கொடுத்திருக்கிறார். நான் வாங்கிப் பார்த்தேன் — இனி யார் எழுதிப் போட்டாலும் அதற்கு முந்தைய தேதி, தெளிவாக விழுந்திருக்கிறது!