உள்ளங்கையும் புறங்கையும்

படம் எடுக்கிற ஆசையெல்லாம் எனக்கு இருந்ததில்லை. தூங்கவே நேரமில்லாதவனுக்குக் கேமரா எதற்கு? அக்காவுக்காகத்தான் வாங்கினேன். லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில், துருப்பிடித்த மின்விசிறிகளுக்கும் யாரோ போட்டுத் தேய்த்த சப்பாத்துகளுக்கும் நடுவே கிடந்தது. பழைய மாடல், அதில் எல்லாவற்றையும் கையால்தான் திருகிச் சரிசெய்ய வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. அக்காவுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. நடந்துகொண்டே இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை வீடுகளுக்கு அம்மா அனுப்பியதெல்லாம் ஸ்டூடியோ படம். பவுடரை அப்பி, விளக்கை முகத்தில் அடித்து, நெகட்டிவிலும் கைவைத்து அக்காவைச் சிவப்பாக்கியிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். கறுப்பான அக்கா தேநீர்த் தட்டோடு வெளியே வந்ததும் முகங்கள் மாறும். கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று கிளம்புவார்கள். அதோடு சரி.

அக்கா வாரம் முழுக்க ஃபேக்டரியில் நின்றுகொண்டே வேலை செய்பவள். கிடைக்கிற ஞாயிறும் பட்டுப்புடவைக்கும் கேசரிக்கும் போய்விடும். ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, நான் எப்படி இருக்கேனோ அப்படியே ஒரு படம் எடுத்துக் குடு லா. புடிக்கலன்னா அவங்க வீட்லயே இருந்துக்கட்டும். இங்க வந்து என் மூஞ்சிய பாத்து முழிக்க வேணாம்."

எனக்குக் கடலுக்கு அந்தப் பக்கம், பிறை என்கிற ஊரில் ஷிப்ட் வேலை. பஸ், ஃபெர்ரி, மறுபடி பஸ் என்று வீடு வந்து சேரும்போது உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கும். அந்தக் களைப்போடுதான் கேமராவோடு மல்லுக்கட்டினேன். லென்ஸைச் சுற்றி ஒரு வளையம். எண் குறையக் குறைய உள்ளே துவாரம் பெரிதாகுமாம். என்ன கணக்கோ! மேலே ஒரு திருகு. வெளிச்சம் எவ்வளவு நேரம் உள்ளே போக வேண்டும் என்பதற்கு. இரண்டையும் மாற்றி மாற்றித் திருகி, கண் வைக்கும் இடத்தில் வெளிச்சத்தை அளந்து காட்டுகிற ஊசியை நடுவில் நிறுத்த வேண்டும். அது நிற்கிற ஊசியா?

முகத்தருகே கேமராவைக் கொண்டுபோய் அளந்தால் நல்லது என்று கூடவே வந்த ஆங்கிலக் கையேடு சொன்னது. கிட்டே போனாலே அக்கா சிரித்துவிடுவாள். முடியாவிட்டால் உங்கள் உள்ளங்கையை அளந்துகொள்ளுங்கள், இரண்டும் ஒன்றுதான் என்றும் அதிலேயே இருந்தது. அப்பாடா என்றிருந்தது. அக்காவை ஃபிளாட்டு வராந்தாவில் நிற்கவைத்து, என் உள்ளங்கையில் ஊசியை நிறுத்தி, ஒரு ரோல் முழுக்க எடுத்துத் தள்ளினேன்.

படங்கள் கழுவி வந்தன. சேலை தெரிந்தது, பின்னால் கொடியில் காய்ந்த துணி தெரிந்தது. அக்காவின் முகம் மட்டும் கரிச்சட்டி. கண்ணையும் மூக்கையும் தேட வேண்டியிருந்தது.

"நான் இவ்ளோ கறுப்பாடா?" என்றாள் அக்கா. கிண்டலாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே கேட்டாள். இதற்குத்தான் ஸ்டூடியோவுக்குப் போகச் சொன்னேன் என்று அம்மா ஆரம்பித்தார். கேமராவைக் கடலில் வீசிவிடலாமா என்று வந்தது எனக்கு.

மறுநாள் வேலை முடிந்து வரும்போது ஃபெர்ரியில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நல்ல வெயில். விரல்கள் மரத்துப்போகவே கையை உதறி, விரித்து, திருப்பிப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. உள்ளங்கை வெளுப்பு. புறங்கைதான் அக்காவின் நிறம். அட மடையா! கையேட்டை எழுதிய ஆளுக்கு உள்ளங்கையும் முகமும் ஒரே நிறம். அவருக்கு இரண்டும் ஒன்றுதான். எங்களுக்கா? வெளுத்த கைக்கு அளந்த வெளிச்சம் கறுத்த முகத்துக்கு எப்படிப் போதும்? நாளெல்லாம் இந்தக் கையை வைத்துத்தான் பிழைக்கிறேன், ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு புறங்கையை அளந்து எடுத்தேன். இந்தத் தடவை படத்தில் அக்கா வந்துவிட்டாள். கறுப்புதான். ஆனால் கன்னத்தில் வெளிச்சம் இருந்தது, சிரிப்பை அடக்குகிற உதடு இருந்தது, கண்ணுக்குக் கீழே வேலைக் களைப்புகூட இருந்தது. அக்கா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் முணுமுணுப்பைக் காதில் வாங்காமல் அதையே உறையில் போட்டாள். ஜாதகம் பொருந்துகிறது, வரும் ஞாயிறு பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லியிருந்த புக்கிட் மெர்தாஜாம் ஊர்க் குடும்பத்துக்குத் தரகர் வழியாகப் போனது.

சனிக்கிழமை தரகர் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். உட்காரக்கூட இல்லை. அம்மா அழுதார். வளையத்தை இன்னும் கொஞ்சம் திறந்து வைத்திருக்கலாம், கொஞ்சம் வெளுப்பாக வந்திருக்கும் என்றேன்.

"வேணாம் லா தம்பி," என்றாள் அக்கா. "நீ சரியாத்தான் எடுத்திருக்க. இத்தனை நாளா அந்த ஸ்டூடியோ படத்துல இருக்கிறவள பாக்க வந்தாங்க. இப்பதான் என்னையே வேணாம்னு சொல்லியிருக்காங்க."

மறுநாள் வீட்டில் கேசரி கிண்டவில்லை. பட்டுப்புடவை அலமாரியிலேயே இருந்தது. அக்கா மத்தியானம் வரைக்கும் தூங்கினாள். எழுப்பப் போன அம்மாவை நான்தான் தடுத்தேன்.