பார்க்காமல் எழுதிய பிரஷர்

2023 செப்டெம்பரில் ஒரு வியாழக்கிழமை. நிவித்திகலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த புஷ்பகாந்திக்கு வலது கை மரத்துப்போனது. கிள்ளிய கொழுந்து கூடைக்குப் போகாமல் காலடியில் விழுந்தது. பொறுக்கப் பார்த்தாள், விரல் மடங்கவில்லை. பக்கத்து நிரையில் நின்றவள் "என்னாடி காந்தி?" என்று கேட்டதுவரைதான் ஞாபகம். அதற்குப் பிறகு வலிப்பு வந்து செடிகளுக்கிடையில் விழுந்துவிட்டாள்.

அப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயது. ஒன்பது நாளாகத் தலைவலி. அந்த ஒன்பது நாளில் மூன்று தடவை தோட்டத்து மருந்துக் காம்பராவுக்குப் போயிருந்தாள். மூன்று தடவையும் டிஸ்பென்சர் ஐயா காய்ச்சல் மாத்திரையைக் கொடுத்து, "வெயில்ல நின்னா அப்படித்தான், புள்ள" என்று அனுப்பிவிட்டார்.

இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையிலிருந்து இரத்தம் திரும்பிப்போகும் குழாயில் இரத்தம் உறைந்து அடைத்திருந்தது. பிரஷர் நூற்றெழுபதுக்கு மேல். நான்காம் நாள் அவள் தெளிவாகப் பேசத் தொடங்கியதும் ஒரு பெண் டாக்டர் கட்டிலருகே உட்கார்ந்து சிங்களத்தில் கேட்டார், என்ன மருந்து குடிக்கிறாய் என்று. காந்திக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு, சிங்கள எழுத்துத்தான் வாசிக்கத் தெரியாது.

"ஒண்ணும் இல்ல டாக்டர். பிள்ள தங்காம இருக்கிறதுக்கு மட்டும் மாத்திர."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். எப்போதிலிருந்து? ஜனவரியிலிருந்து. அதற்கு முன்பு தலைவலி இருந்ததா? இருந்தது. ஒற்றைப் பக்கமாக வரும், வருவதற்கு முன்னால் கண்ணுக்குள் வளைந்து வளைந்து வெளிச்சம் மின்னும். மாத்திரை தந்தவர் இதையெல்லாம் கேட்டாரா, பிரஷர் பார்த்தாரா?

"இல்ல. தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா பெட்டிய அவரே வச்சுக்கிட்டு மாத்திர அட்டைய மட்டும் குடுப்பாரு."

இந்த மாத்திரை பெரும்பாலான பெண்களுக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் இப்படித் தலைவலியும் பிரஷரும் உள்ளவளுக்குக் கொடுத்திருக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னார். அதையே டயக்னோசிஸ் கார்ட்டிலும் எழுதினார். இரத்தம் உறையாமலிருக்க மாதக்கணக்கில் மருந்து குடிக்க வேண்டும், அந்தக் காலத்தில் கரு தங்கினால் ஆபத்து என்று சொல்லி, மாத்திரைக்குப் பதிலாகக் கருத்தடை லூப் போட்டு அனுப்பினார்கள்.

அவள் வீட்டுக்கு வந்த இரண்டு கிழமைக்குள் டிஸ்பென்சர் ஐயா அவள் குடியிருந்த லயத்துக்கே வந்தார். காந்திக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. சின்ன மகன் பிறந்தது, மழையில் பாதை அடைபட்டு நின்ற லொறியில். அன்றைக்கு அவர்தான் பிள்ளையை எடுத்தார். கதிரையைத் துடைத்துப் போட்டாள். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்தார். சிங்களத்தில் டைப் அடித்திருந்தது.

"ஒரு கையெழுத்து வேணும், புள்ள. ஒப்பீசுல கேக்குறாங்க."

"என்னா எழுதியிருக்கு ஐயா?"

"ஒனக்குச் சுகமில்லாம வந்தது, ஆஸ்பத்திரிக்குத் தோட்டத்து வாகனம் குடுத்தது, அவ்வளவுதான்."

காந்தி கடதாசியைப் பார்த்தாள். அவர் சொன்னது இரண்டு வரி; கடதாசியில் பன்னிரண்டு வரியாவது இருந்தது. ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளால் இன்றும் விளக்க முடியாது. "வீட்டுக்காரரு வந்ததும் காட்டிட்டுப் போடுறேன் ஐயா" என்று அதை வாங்கி மடித்துக்கொண்டாள். அவர் திரும்பக் கேட்டார். அவள் கொடுக்கவில்லை.

மறுநாள் பஸ் ஏறி நிவித்திகலை டவுனில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஜஸீல் நானாவிடம் போனாள். அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். பிறகு கடைப் பையனைப் பின்னுக்கு அனுப்பிவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார்.

"தங்கச்சி, இதுல நீங்க கையெழுத்து வெச்சீங்களா?"

"இன்னும் இல்ல நானா."

"வெக்க வாணாம். மாத்திரைய நீங்களே வெளிய கடையில வாங்கினீங்களாம். தலவலி இருக்கான்னு நாலு முற கேட்டும் மறச்சீங்களாம். தோட்டத்து மேல ஒரு குறையும் இல்லன்னு எழுதியிருக்கு."

ஆஸ்பத்திரிக் கார்ட்டையும் பார்த்தார். இரத்தினபுரியில் இலவசமாக வழக்குப் பேசும் ஸும்றா என்ற சட்டத்தரணியின் நம்பரைத் துண்டில் எழுதிக் கொடுத்தார்.

ஸும்றா அதிகம் பேசாதவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றைத்தான் அழுத்திச் சொன்னார். "நட்டஈடு கேட்டு வழக்குப் போடுறதா இருந்தா ரெண்டு வருசத்துக்குள்ள போடணும். ரெண்டாயிரத்து இருபத்தஞ்சு செப்டெம்பர் தாண்டினா ஒண்ணும் செய்ய ஏலாது."

தோட்டக் கம்பனிக்குச் சட்டத்தரணியின் கடிதம் போன பிறகுதான் வீட்டில் சிக்கல் தொடங்கியது. காந்தியின் கணவன் வசந்தன் அதே தோட்டத்து ஃபெக்டரியில் வேலை. ஒருநாள் வேலை முடியும் நேரத்தில் கணக்கப்பிள்ளை அவன் தோளில் கைபோட்டு, சிரித்தபடியே சொன்னார்: "லயமும் தோட்டத்தோடது, வேலையும் தோட்டத்தோடது. பொண்டாட்டிகிட்ட எடுத்துச் சொல்லு."

வசந்தன் வந்து அப்படியே சொன்னான். "கையெழுத்தப் போட்டுத் தொல. ரெண்டு புள்ளைங்கள வச்சுக்கிட்டு எங்க போறது?"

"நான் மறச்சேன்னு எழுதியிருக்காங்க. நான் எத மறச்சேன்?"

"எழுதுனா எழுதட்டும். கைய அது திருப்பிக் குடுக்குமா?"

"குடுக்காது. அதுக்காக நானே என் மேல பழி போட்டுக்கணுமா?"

பதினொரு நாள் இருவரும் பேசவில்லை. ஒரே காம்பராவில் சமைத்து, சாப்பிட்டு, தூங்கினார்கள். அதற்குள் அவள் வேலைக்குத் திரும்பியிருந்தாள். வலது கையால் கொழுந்தைக் கிள்ள முடிந்தது, ஆனால் வேகம் இல்லை. பாதி நிறை கூட வராமல் ஒவ்வொரு நாளும் அரைப்பேர்தான் விழுந்தது, பாதி நாள் சம்பளம். லயத்தில் சில பெண்கள் அவளைப் பார்த்துப் பயந்து மாத்திரையை நிறுத்தினார்கள். அதில் ஒருத்திக்கு மூன்றாம் மாதமே வயிற்றில் தங்கிவிட்டது. அவளுடைய மாமியார் காந்தியின் வாசலில் நின்று ஏசிவிட்டுப் போனாள்.

ஸும்றா கொடுத்த முறைப்பாட்டின்மேல் 2025 மே மாதம் சுகாதாரத் திணைக்களத்திலிருந்து மூன்று பேர் விசாரணைக்கு உட்கார்ந்தார்கள். மேசையின் ஒரு பக்கம் காந்தி, ஸும்றா. எதிர்ப்பக்கம் டிஸ்பென்சர் ஐயா, கம்பனியின் சட்டத்தரணி. வசந்தனும் வந்திருந்தான். உள்ளே வராமல் கதவுக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்துகொண்டான்.

கம்பனிச் சட்டத்தரணி மருந்துக் காம்பராப் பதிவுப் புத்தகத்தை மேசையில் வைத்தார். மாத்திரை வாங்க வந்த நான்கு தடவையும் காந்திக்குப் பிரஷர் பார்த்திருக்கிறார்கள். நான்கும் நூற்றிருபது, எண்பது. தலைவலி இல்லை என்றும் ஒவ்வொரு தடவையும் குறிப்பு. காந்திக்கு எல்லாம் விளங்கியது. தன்னைப் பொய்க்காரி ஆக்க ஒரு புத்தகமே இருக்கிறது. மூன்று பேரில் ஒருவர் அவளைப் பார்த்த பார்வையே மாறிவிட்டது.

ஸும்றா புத்தகத்தை வாங்கி அவளுக்கும் தெரியும்படி வைத்தார். சிங்கள எழுத்தின்மேல் அவள் கண் நிற்கவில்லை. இலக்கம் மட்டும் புரிந்தது. விரலை வைத்து ஒவ்வொன்றாக இறங்கினாள். மூன்றாவது வரியில் விரல் நின்றது. 2023.05.05.

"மிஸ்" என்றாள் மெதுவாக. "இது வெசாக்கு."

"நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியும். பின்னேரம் வரைக்கும் டவுன்ல தன்சல்ல சும்மா குடுக்குற சாப்பாட்டுக்கு வரிசையில நின்னோம். சின்னவனுக்குச் செருப்புத் தொலஞ்சு போச்சு."

ஸும்றா ஃபோனில் கலண்டரைப் பார்த்தார். பிறகு டிஸ்பென்சரிடம் ஒரு கேள்வி கேட்டார். பௌர்ணமி லீவான போயா நாட்களில் மருந்துக் காம்பரா திறந்திருக்குமா?

"இல்ல. அவசரம்னா மட்டும் தொறப்போம்."

"மாத்திரை குடுக்கிறது அவசரமா?"

"இல்ல."

"அப்ப வெசாக் போயா அன்னைக்கு இவங்களுக்கு எப்படிப் பிரஷர் பாத்தீங்க?"

கம்பனிச் சட்டத்தரணி ஏதோ சொல்ல எழுந்தார். டிஸ்பென்சர் அவரைப் பார்க்கவில்லை. மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். விசாரணைக்காரர் கேள்வியைத் திரும்பச் சொன்னார்.

"பிரஷர் மெஷின் பழுது" என்றார் டிஸ்பென்சர் கடைசியில். "ரெண்டாயிரத்து இருபத்திரண்டிலிருந்தே. புதுசு கேட்டு ரெண்டு தரம் எழுதினேன். வரல்ல. இந்தப் புள்ள விழுந்த பொறகு, புத்தகத்துல எல்லாம் சரியா இருக்கணும்னு சொன்னாங்க. ஒரே நாள்ல உக்காந்து எழுதினேன்."

யார் சொன்னது என்று கேட்டபோது அவர் பதில் சொல்லவில்லை. அதையும் எழுதிக்கொண்டார்கள்.

ஜூலையில் கம்பனி சமாதானத்துக்கு வந்தது. நட்டஈடும் நாற்றுமேடையில் இலேசான வேலையும் தருகிறோம் என்றார்கள். ஆனால் ஒப்பந்தத்தில் "நோயை மறைத்தார்" என்ற வரி இன்னும் இருந்தது. காந்தி முடியாது என்றாள். ஓகஸ்ட் போனது. ஸும்றா வழக்கை டைப் செய்து தயாராக வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளும் ஃபோன் பண்ணினார். ரெண்டு வருசக் கெடுவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது வசந்தன் தானாகவே சொன்னான். "விட்டுடாத. லயத்த விட்டு எழுப்பினா எழுப்பட்டும்."

ஆறு நாள் இருக்கும்போது அந்த வரி இல்லாத ஒப்பந்தம் வந்தது. தமிழில் ஒரு பிரதி கேட்டாள். அதற்கு இன்னும் இரண்டு நாள் எடுத்தது. வரிவரியாக வாசித்த பிறகு வலது கையாலேயே கையெழுத்துப் போட்டாள். ஒவ்வொரு எழுத்துக்கும் நேரம் பிடித்தது. இரண்டு சட்டத்தரணிகளும் காத்திருந்தார்கள்.

இப்போது அவள் நாற்றுமேடையில் பைகளுக்கு மண் போடுகிறாள். மருந்துக் காம்பராவுக்குப் புது மெஷின் வந்திருக்கிறது. மாத்திரை குடிக்கலாமா என்று கேட்கும் பெண்களிடம், "குடிங்க. மொதல்ல பிரஷர் பாக்கச் சொல்லுங்க. தலவலி இருந்தா மறக்காமச் சொல்லுங்க" என்கிறாள்.

டிஸ்பென்சர் ஐயாவை வேறு தோட்டத்துக்கு மாற்றினார்கள். போகும் நாளில் நாற்றுமேடைப் பக்கம் வந்து நின்றார்.

"கை எப்படி இருக்கு, புள்ள?"

"கொழுந்து எடுக்க வராது ஐயா."

அவர் தலையை ஆட்டினார். வாகனத்தில் ஏறிப் போனார்.