இழுத்தவுடன் அவிழ்ந்த கொடி

ஆகஸ்ட் பதினைந்து கொரியாக்காரர்களுக்கும் விடுதலை நாள் என்பது சியோலில் போய் இறங்கும்வரை எனக்குத் தெரியாது. பயிற்சிக்காகப் போயிருந்த கம்பெனிக்கு அன்று விடுமுறை. வேலை இருந்திருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த நாளை ஓட்டியிருப்பேன். லீவு கொடுத்துக் கெடுத்தார்கள். தெரு முழுக்க விளக்குக் கம்பத்துக்கு ஒரு கொடி. அவர்கள் ஊரில் அவர்கள் கொடி பறக்காமல் வேறு யார் கொடி பறக்கும்? இருந்தாலும் எரிச்சலாக இருந்தது.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கம் போகும் வழியில் எங்கள் குப்பம். அங்கே மீன் ஏலம் விடும் கொட்டகை முன்னால் கொடியேற்றுவார்கள். பூவை உள்ளே வைத்து, மடித்து, கொடியைக் கட்டுவது எப்போதும் என் அப்பாதான். நைனா என்றுதான் கூப்பிடுவோம். கடலுக்குப் போகிறவர் என்பதால் கயிறு என்றால் அவர் கையில்தான் கொடுப்பார்கள். சிக்கலே அதுதான். மேலே போனதும் கயிற்றை ஒரு இழு இழுத்தால் முடிச்சு அவிழ்ந்து பூ கொட்ட வேண்டும். நைனா கைப்பழக்கத்தில் வலை முடிச்சைப் போட்டுவிடுவார். அது இழுக்க இழுக்க இறுகும். தலைமை ஆசிரியை இழுப்பார், பஞ்சாயத்துக்காரர் இழுப்பார், கொடி மூட்டையாகவே தொங்கும். பிள்ளைகள் மிட்டாய்க்காக வெயிலில் காய்வார்கள்.

"யோவ், கொடிய கட்டச் சொன்னா வஞ்சிரத்துக்கு வலையா கட்டிகினு கீற?" என்று அம்மா கத்துவாள்.

"இழுத்தா அவுந்துகிச்சின்னா அது இன்னாடி முடிச்சு?" என்பார் நைனா. சிரித்துக்கொண்டே கீழே இறக்கி மறுபடி கட்டுவார். வருஷா வருஷம் இதே கூத்து.

இந்த மாசியில் நைனா போய்விட்டார். மாரடைப்பு. அவர் இல்லாத முதல் கொடியேற்றத்துக்கு ஊரில் இருக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசைப்பட்டேன். பயிற்சியைத் தள்ளிப்போட முடியாது என்றுவிட்டார்கள். அண்ணிதான் வீடியோ காலில் காட்டுகிறேன் என்றாள். அங்கே காலை, இங்கே உச்சிவெயில். நடைபாதை ஓரத்தில் நின்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த முறை கொடியைக் கட்டியது அண்ணன். கல்பாக்கத்தில் ஷிஃப்டு வேலைக்குப் போகிறவன், கடலுக்குப் போனதே இல்லை. தலைமை ஆசிரியை கயிற்றை இழுத்தார். ஒரே இழுப்பு. கொடி விரிந்து பூ கொட்டியது. எல்லோரும் கை தட்டினார்கள்.

அண்ணி போனை அம்மா பக்கம் திருப்பினாள். அம்மா கை தட்டவில்லை.

"பாத்தியாடி, பட்டுனு தொறந்துகிச்சு," என்றாள். "திட்டறதுக்குக்கூட ஆள் இல்ல."

"நாஸ்தா துன்னியாம்மா?" என்று கேட்டுவைத்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் நின்று தாங்கிப் பிடித்திருக்க வேண்டியவள் நான். அவள் அழுவதைப் போனில்தான் பார்க்க முடிந்தது.